நெஞ்சு ஆறிவிட்டது, கால் ஆறவில்லை



கோயில் திருவிழாவில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பாடுபட்டவர். மருந்தடித்தார், கத்தரி பிடித்தார், கடைசியில் கொழுந்து வெட்டும் மெஷினும் தூக்கினார். நான்கு மாதத்துக்கு முன்னால் அவருக்கு இருதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சைக் காட்டினார். நடு நெஞ்சில் கோடு கிழித்தது போல ஒரு தழும்பு, அழகாக ஆறியிருந்தது. பிறகு வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கினார். கணுக்காலிலிருந்து தொடை வரைக்கும் நீளமான வெட்டு. கெண்டைக்கால் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு இன்னும் ஈரம் காயவில்லை.

"நெஞ்சு ஆறிருச்சுய்யா. காலுதான் ஆறல. இருதயத்துக்குப் பாக்கப் போயி நடையைப் பறிகொடுத்துட்டு வந்துட்டேன்" என்றார்.

எதற்காகக் காலில் வெட்டினார்கள் என்று கேட்டேன். "நரம்பு எடுத்தாங்க" என்றார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த நரம்பை ஒரே வழியில்தான் எடுக்கவேண்டும் என்பதில்லை, இரண்டு மூன்று வழிகள் உண்டு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இனிப்புநீர் உள்ளவர் வேறு. மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிப் பிழைக்கிற மனிதருக்குக் கால் எவ்வளவு பெரிய சொத்து என்பது நமக்குத் தெரியும். நெஞ்சைத் திறக்கிற டாக்டருக்கு அதை நாம்தான் சொல்லவேண்டும். இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்காகவே ஒதுக்குகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நாம் 'நரம்பு' என்று சொல்வது உண்மையில் நரம்பு அல்ல. நரம்பு என்பது வலியையும் உணர்ச்சியையும் மூளைக்குக் கொண்டுபோகிற கம்பி. காலிலிருந்து எடுப்பது இரத்தக் குழாய். இரத்தக் குழாயில் இரண்டு சாதி உண்டு. இருதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தத்தை வேகமாகத் தள்ளிக்கொண்டு போவது தமனி. உடம்பிலிருந்து இருதயத்துக்கு மெதுவாகத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. தமனியின் சுவர் தடித்தது. அடிக்கு அடி அழுத்தம் தாங்கிப் பழகியது. சிரையின் சுவர் மெல்லியது; அமைதியான ஓட்டத்துக்கு ஏற்றது. காலில் எடுப்பது சிரை. உள் கணுக்காலுக்கு முன்னால் தொடங்கி, காலின் உள்பக்கமாகவே ஏறி, அரை வரை போகிற நீளமான சிரை அது. தோலுக்கு அடியிலேயே இருப்பதால் எடுப்பது சுலபம். காலில் வரும் இரத்தத்தில் பெரும் பங்கை ஆழத்தில் உள்ள வேறு சிரைகள் ஏற்றிக்கொண்டு போகின்றன. ஆகவே இதை எடுத்துவிட்டால் கால் செத்துப்போகும் என்று பயப்பட வேண்டாம்.

இருதயம் நாள் முழுவதும் இரத்தத்தை இறைத்துக் கொட்டினாலும், தனக்கு வேண்டிய இரத்தத்தை மேலே படர்ந்திருக்கும் சிறு தமனிகள் வழியாகத்தான் பெறுகிறது. அவற்றில் கொழுப்புப் படிந்து அடைத்துக்கொண்டால் மார்வலி வருகிறது. முழுதாக அடைத்தால் மாரடைப்பு. மலைத் தோட்டத்தில் தண்ணீர் பைப்பு அடைத்துக்கொண்டால் என்ன செய்கிறோம்? அடைப்புக்கு மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை போட்டு, வேறு ஒரு குழாயைச் சுற்றிவளைத்து இணைத்துவிடுகிறோம். பைபாஸும் அதுதான். ரப்பர்த் தோட்டத்தில் இருந்து வந்தவர்களுக்கு ஒட்டுக்கட்டுதல் தெரியும். ஒரு மரத்தின் உறுப்பை இன்னொரு மரத்தில் பிடிக்க வைப்பது போல, உடம்பின் ஓர் இடத்துக் குழாயை இன்னோர் இடத்தில் பிடிக்க வைக்கிறார்கள். அதனால் அதை 'ஒட்டுக்குழாய்' என்றே இங்கு சொல்லுகிறேன்.

கால் சிரையை எடுத்து இருதயத்தில் ஒட்டும் முறையை 1967-ல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து மருத்துவமனையில் ஒழுங்குபடுத்தி உலகத்துக்குக் காட்டியவர் ரெனே ஃபவலோரோ. அவர் அர்ஜென்டினா நாட்டுக்காரர். அந்தப் பெரிய மருத்துவமனைக்குப் போகுமுன், தம் நாட்டில் ஜசின்டோ அராவுஸ் என்ற சின்ன ஊரில் 12 வருடம் நாட்டுப்புற மக்களுக்கு வைத்தியம் பார்த்தவர் என்பது நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. தமிழ்நாட்டில் சென்னைப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் 1975-ல் செய்ததைத்தான் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் என்கிறார்கள். அது பணக்காரர்களின் மாளிகை ஆஸ்பத்திரி அல்ல; ரயில்வேத் தொழிலாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் என்று ஏற்பட்டது. நம் நாட்டில் அந்நாளைய பிரதமர் மகாதீர் 1989-ல் மாரடைப்பு வந்தபோது, வெளிநாட்டுக்குப் போகாமல் கோலாலம்பூர்ப் பெரிய மருத்துவமனையிலேயே பைபாஸ் செய்துகொண்டார். செய்தவர் நம் நாட்டு மருத்துவர் யாஹ்யா அவாங். 1992-ல் தேசிய இருதயக் கழகமும் வந்தது.

மகாதீரின் கதையை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2007-ல், முதல் ஆபரேஷனுக்குப் பதினெட்டு வருடம் கழித்து, 82 வயதில் அவருக்கு இரண்டாவது பைபாஸ் நடந்தது. அதற்குப் பின் நெஞ்சுக் காயத்தில் தொற்று ஏற்பட்டு மறுபடியும் சிகிச்சை எடுக்கவேண்டி வந்தது. அவரே 2018-ல் 92 வயதில் மீண்டும் பிரதமரானார். இதிலிருந்து நாம் பார்க்க வேண்டியது இரண்டு. பைபாஸ் செய்தவன் பாதி மனுசன் என்று லயத்தில் பேசுவது பொய். அதே சமயம் ஒரு தடவை செய்துகொண்டால் ஆயுளுக்கும் கவலையில்லை என்பதும் பொய். காயத் தொற்றும் ஏழை வீட்டுக்கு மட்டும் வருகிற விருந்தாளி அல்ல.

ஏன் ஆயுளுக்கும் போதாது? மெல்லிய சுவர் கொண்ட கால் சிரையைக் கொண்டுபோய்த் தமனியின் வேலையைச் செய் என்கிறோம். குழந்தையின் தோளில் உர மூட்டையை ஏற்றுவது போல. அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சுவரைத் தடிக்க வைக்கிறது, உள்வழி குறுகுகிறது. முதல் மாதத்தில் இரத்தம் உறைந்து அடைக்கலாம். முதல் வருடத்தில் உள்சுவர் தடித்து அடைக்கலாம். அதற்கு மேல் பழைய குழாயை அடைத்த அதே கொழுப்பு புதுக் குழாயிலும் படியத் தொடங்கும். பத்து வருடத்தில் கால் சிரை ஒட்டுகளில் ஏறக்குறையப் பாதி அடைபட்டோ கெட்டோ போகின்றன என்பது டாக்டர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவரும் கணக்கு.

நெஞ்செலும்புக்குப் பின்னால் ஓடும் மார்புத் தமனியின் சங்கதி வேறு. அது பிறவியிலேயே தமனி, அழுத்தம் பழகியது. கொழுப்பும் அதில் எளிதில் ஒட்டுவதில்லை. பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் பத்தில் ஒன்பது திறந்தே இருக்கும். லெனின்கிராடில் கொலெசோவ் என்ற ரஷிய டாக்டர் 1964-லேயே இதை இருதயத்தில் ஒட்டினார். உலகம் அப்போது அதிகம் கவனிக்கவில்லை. 1986-ல் கிளீவ்லாந்து டாக்டர்கள் பத்து வருடக் கணக்கை வெளியிட்டு, இருதயத்தின் முன்சுவரில் இறங்கும் முக்கியக் குழாய்க்கு மார்புத் தமனியை ஒட்டியவர்கள் கூடுதல் காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டிய பிறகுதான் எல்லா இடத்திலும் அது வழக்கத்துக்கு வந்தது. ஆகையால் இன்று சாதாரணமாக மூன்று நான்கு ஒட்டு போடுகிற ஆபரேஷனில், முக்கியமான ஒன்றுக்கு மார்புத் தமனி. மற்றவைக்குக் கால் சிரை. மணிக்கட்டுக்கு மேலே கையில் ஓடும் தமனியையும் சிலருக்கு எடுக்கிறார்கள். 2018-ல் பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஐந்து வருடக் கணக்கில் கால் சிரையைவிடக் கைத் தமனி நன்றாக உழைப்பது தெரிந்தது.

"அப்போ காலை விட்டுட்டுக் கையிலயே எடுக்கச் சொல்லிறலாமே" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கைத் தமனியை எடுக்குமுன், உள்ளங்கைக்கு வரும் மற்றத் தமனி ஒன்றே போதுமா என்று சோதிக்க வேண்டும். எல்லோருக்கும் போதாது. அதிகம் புழங்காத கையில்தான் சாதாரணமாக எடுப்பார்கள். ஆனால் கொழுந்துக்காரிக்குப் புழங்காத கை எது? இரண்டு கையும்தானே ஓடுகிறது! பெருவிரல் பக்கம் மரமரப்பு சிலருக்குக் கொஞ்ச நாள் இருப்பதுண்டு. கைத் தொழிலைச் சொல்லி யோசனை கேட்பது நம் கடமை. எப்படிப் பார்த்தாலும் பெரும்பாலோருக்குக் கால் சிரை இல்லாமல் கணக்கு முடிவதில்லை. ஆகவே அதை எப்படி எடுப்பது என்பதே நமக்குப் பெரிய கேள்வி.

பழைய வழி, அந்தப் பெரியவருக்குச் செய்தது. காலின் உள்பக்கம் நீளமாகக் கீறி, சிரையைக் கண்ணால் பார்த்து, கிளைகளைக் கட்டி, சுற்றியுள்ள கொழுப்பை உரித்து எடுத்துவிடுவார்கள். சிரைக்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. இரத்தம் மேலே போகலாம், கீழே இறங்கக் கூடாது என்பதற்காக இயற்கை வைத்த வால்வுகள். அதனால் சிரையைத் தலைகீழாகத் திருப்பித்தான் இருதயத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டுமுன் ஊசிக்குழலால் தண்ணீர் மருந்தைச் செலுத்தி ஓட்டை இருக்கிறதா என்று ஊதிப் பார்ப்பார்கள். சைக்கிள் டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பது போலத்தான். இதில் ஒரு சங்கடம். உரிப்பதிலும் ஊதுவதிலும் சிரையின் உள்சுவர் காயப்படுகிறது. காயப்பட்ட இடத்தில்தான் பின்னால் அடைப்பு விளைகிறது.

இதைக் கவனித்த டாக்டர் டொமிங்கோஸ் சோசா என்பவர் சுவீடன் நாட்டில் ஒரெப்ரோ நகரத்தில் 1990-களில் ஒரு மாற்று வழியைக் கொண்டுவந்தார். சிரையைக் கையால் தொடாமல், சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்தே எடுப்பது; ஊதிப் பெருக்குவதும் இல்லை. நாற்றை வேரிலே மண்ணோடு பெயர்த்து நடுகிறோமே, அந்த மாதிரி. 'தொடாமல் எடுத்தல்' என்று இதற்குப் பெயர். பதினாறு வருடம் கழித்து அவர்கள் கணக்கெடுத்தபோது, இப்படி வைத்த ஒட்டுகளில் நூற்றுக்கு 83 திறந்திருந்தன. பழைய முறையில் 64. சீனாவில் ஏழு மருத்துவமனைகளில் 2,655 பேரை வைத்துச் செய்த பெரிய ஆராய்ச்சி 2021-ல் வெளிவந்தது. ஒரு வருடத்தில் அடைபட்ட ஒட்டுகள் பழைய முறையில் நூற்றுக்கு 6.5, இந்த முறையில் 3.7. கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் கொழுப்போடு பெயர்த்தெடுப்பதால் காலில் பள்ளம் பெரிது. காயச் சிக்கலும் மரமரப்பும் கூடுதல். சீனாக்காரர்களே அதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். பிறகு சுவீடனும் டென்மார்க்கும் சேர்ந்து செய்து 2024-ல் சொன்ன ஆராய்ச்சியில், இரண்டு வருடத்தில் ஒட்டுக்குழாய் விஷயத்தில் உறுதியான வித்தியாசம் காணவில்லை. கால் காயச் சிக்கல் மட்டும் கூடுதலாகவே இருந்தது.

இன்னொரு வழி, கேமரா வழி. முழங்காலருகே பெருவிரல் நுழையும் அளவுக்கு ஒரு சின்ன வெட்டு, மேலே தேவையானால் இன்னொரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். அதன் வழியாகக் கேமரா பூட்டிய குழலை விட்டு, தோலுக்கு அடியில் காற்றடித்து இடம் பண்ணி, டெலிவிஷன் திரையில் பார்த்துக்கொண்டே சிரையைப் பிரித்து, கிளைகளைச் சூட்டால் பொசுக்கி, உருவி எடுத்துவிடுகிறார்கள். நீளத் தழும்பு இல்லை, வலி குறைவு, எழுந்து நடப்பது சீக்கிரம். ஆனால் இதற்கும் ஒரு கெட்ட பெயர் வந்தது. 2009-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆராய்ச்சி, கேமராவால் எடுத்த சிரைகள் ஒன்றரை வருடத்துக்குள் கூடுதலாகக் கெட்டுப்போகின்றன என்றது. நூற்றுக்கு 46.7, நீள வெட்டில் எடுத்தவற்றில் 38. இழுப்பதாலும் சூடு படுவதாலும் குழாய் கெடுகிறது என்று பல டாக்டர்கள் பயந்துபோனார்கள். அந்த ஆராய்ச்சியில் யாருக்கு எந்த முறை என்று சீட்டுக் குலுக்கிப் போடவில்லை. டாக்டர்கள் தங்கள் விருப்பப்படி செய்ததைப் பின்னால் எண்ணிப் பார்த்தது. 2019-ல் அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் 16 மருத்துவமனைகளில் 1,150 பேருக்கு ஒழுங்காகச் சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். சுமார் மூன்று வருடக் கணக்கில் சாவிலோ மாரடைப்பிலோ மறு சிகிச்சையிலோ இரண்டு முறைக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. கால் காயத் தொற்று நீள வெட்டில் நூற்றுக்கு 3.1, கேமரா முறையில் 1.4. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: அங்கே சிரை எடுத்தவர்கள் ஒவ்வொருவரும் கேமரா முறையில் நூறு பேருக்கு மேல் எடுத்துப் பழகியவர்கள். பழகாத கையில் இந்த முறை எப்படிப் போகும் என்பதற்கு அந்தக் கணக்கு ஜாமீன் நிற்காது.

இனி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஒப்பாதவர்கள் எழுதலாம்.

டாக்டர்கள் குழாய் எத்தனை வருடம் திறந்திருக்கிறது என்று எண்ணுகிறார்கள். அது அவர்கள் தொழில், எண்ணத்தான் வேண்டும். ஆனால் ஆபரேஷன் முடிந்த ஆள் எத்தனையாவது நாள் சுங்கை பாலாஸ் மேட்டில் ஏறினான் என்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. மேற்சொன்ன படைவீரர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். நம்மிடம் கொழுந்து எடுக்கிறவர்களில் பெண்கள் எத்தனை பேர்! கால் காயம் கெடுவது பெண்களுக்கும், இனிப்புநீர் உள்ளவர்களுக்கும், உடல் பருத்தவர்களுக்கும் அதிகம் என்பது தெரிந்த விஷயம். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை ஒவ்வொரு லயத்திலும் பார்க்கலாம். அதற்கு மேல் நமக்கு ரப்பர் பூட்ஸ், ஈரம், அட்டைக்கடி, உரம், மருந்துத் தண்ணீர். காலை எட்டு மணிப் பனியில் ஈரப் பூட்ஸுக்குள் ஆறாத காயத்தை வைத்துக்கொண்டு நிற்கிற தொழிலாளிக்கு, பத்து வருடம் கழித்துக் குழாய் திறந்திருக்கும் என்ற ஆறுதல் மட்டும் போதாது.

ஆகவே இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் மலையில் வேலை செய்கிறவர்களுக்கும், பழகிய கை இருக்கிற இடத்தில் கேமரா முறையே நல்லது என்பது என் கட்சி. பழகிய கை இல்லாத இடத்தில் புதுக் கருவியை வைத்து நம்மேல் பழக வேண்டாம். நீள வெட்டே பரவாயில்லை. 'தொடாமல் எடுத்தல்' இளம் வயதுக்காரருக்கு, இனிப்புநீர் இல்லாதவருக்கு, இன்னும் இருபது வருடம் ஒட்டு உழைக்க வேண்டியவருக்கு யோசிக்கத்தக்கது. ஆனால் கால் எத்தனை நாளில் ஆறும் என்று கேட்டுவிட்டுத் தலையாட்ட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், முன்சுவர்க் குழாய்க்கு மார்புத் தமனி உண்டா என்று கேட்பது முக்கியம். அது இருந்தால் கால் சிரையின் பாரம் பாதி குறைந்தது.

இங்கே ஒன்று நாமே சொல்ல வேண்டியது. நெடுநேரம் நின்று வேலை செய்து காலில் சிரை சுருண்டு பாம்பு போலப் புடைத்திருப்பவர்கள் நம்மில் அநேகர். சுருண்ட சிரை ஒட்டுக்கு உதவாது. அதை முன்பே ஆபரேஷன் செய்து எடுத்திருந்தாலும், காலில் ஆறாப் புண் இருந்திருந்தாலும், எந்தக் காலில் என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மயக்கம் கொடுத்துக் காலைத் திறந்த பிறகு அவர்கள் கண்டுபிடித்து, அடுத்த காலையும் திறப்பதைவிட அது நல்லது.

காயத்தைப் பற்றிக் கொஞ்சம். வீட்டுக்கு வந்த பிறகு உட்காரும்போது காலைத் தலையணை வைத்து உயர்த்துங்கள். வீக்கம் கொஞ்ச நாள் இருக்கும், பயம் வேண்டாம். சிவந்து சூடாக இருந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே தோட்டத்து டிரஸரிடமோ தானா ராத்தா மருத்துவமனைக்கோ போங்கள். நெஞ்செலும்பு 'கிளிக்' என்று அசைந்தாலும் அப்படித்தான். மஞ்சள் பத்து, கோப்பித்தூள், யாரோ கொடுத்த எண்ணெய் எதுவும் காயத்தில் படக் கூடாது. "எங்க பாட்டி காலத்துல இதானே போட்டோம்" என்பார்கள். பாட்டி காலத்தில் யாரும் காலிலிருந்து குழாயை உருவி நெஞ்சில் வைத்ததில்லை. இனிப்பு கட்டுக்குள் இல்லாவிட்டால் எந்த முறையில் எடுத்தாலும் காயம் ஆறாது. ஆஸ்பிரின் மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் ஒட்டுக்குழாயைத் திறந்துவைக்கிற காவல்காரர்கள். உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம் திரும்பிப் போகிறார்கள். சிகரெட்டைப் பற்றி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. கால் சிரை ஒட்டைச் சீக்கிரம் கெடுப்பதில் அதற்கும் பெரிய பங்கு உண்டு என்று மட்டும் சொல்லுகிறேன்.

இனி சங்கம் பேச வேண்டிய விஷயம். பிளந்த நெஞ்செலும்பு ஒட்டிக் கெட்டிப்பட ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கிறது. அதுவரை பாரம் தூக்கக் கூடாது. வேலைச் சட்டப்படி மருத்துவமனைச் சிகிச்சைக்கு வருடத்தில் 60 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023 ஜனவரி முதல் அது சாதாரண நோய் விடுப்போடு கலக்காமல் தனியாகவே கணக்காகிறது. நல்ல காரியம். ஆனால் நம்மவர்களில் பலர் மாரடைப்பு வந்து படுத்ததிலும், கீழ்நாட்டுக்குப் பரிசோதனைக்குப் போய்வந்ததிலும் அதில் ஒரு பங்கை ஆபரேஷனுக்கு முன்னாலேயே தீர்த்துவிடுகிறார்கள். மிச்சத்தை நெஞ்சு தின்கிறது. அதற்கப்புறம் காலும் ஆறாவிட்டால்? அந்தப் பெரியவரின் வீட்டில் அந்த மாதங்களை ஓட்டியது மனைவியின் கொழுந்துக் காசுதான். நீள வெட்டா, சின்ன வெட்டா என்பது டாக்டரின் மேசையில் அழகு பார்க்கிற கேள்வி அல்ல. சம்பளக் கவரில் வந்து நிற்கிற கேள்வி. ஆபரேஷன் முடிந்தவர்களை மேட்டில் ஏற்றாமல், நிறுவையிலோ தொழிற்சாலையிலோ நாற்றுப்பண்ணையிலோ இலேசு வேலை கொடுக்க வேண்டும் என்று கூட்டு ஒப்பந்தத்தில் எழுத்தாகக் கேட்க வேண்டும். மானேஜரின் நல்ல மனசை நம்பியிருப்பது ஒப்பந்தம் ஆகாது.

சொக்சோவில் 2007 முதல் மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டம் ஒன்று நடக்கிறது. உடற்பயிற்சிக்கும் மாற்று வேலைக்கும் உதவுவார்கள். வேலை செய்யவே முடியாதவர்கள், தகுதியான சந்தா இருந்தால், இயலாமைப் பென்ஷனுக்கு மனுப் போடலாம். நோய் வேலையால் வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. நம்மோடு மேட்டில் நிற்கிற வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2024 ஜூலை முதல் இந்த இயலாமைத் திட்டம் உண்டு. அவர்களில் பலருக்கு இது தெரியாது, பக்கத்து லயத்தில் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் செலவுக்கு வழி தெரியாதவர்கள் கடன்காரனிடம் போகுமுன், அரசாங்க மருத்துவமனையில் உள்ள சமூகநல அதிகாரியைப் பார்க்க வேண்டும்.

நம் தானா ராத்தா மருத்துவமனையில் இந்த ஆபரேஷன் கிடையாது. தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ இறங்கி வேற்றூர் போக வேண்டும். கோலாலம்பூர் என்றால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அங்கே டாக்டர் நம்மோடு பேசுவது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் நம்மவர்கள் "எல்லாம் நீங்க பாத்துக்கங்க டாக்டரு" என்று கைகூப்பிவிட்டு வந்துவிடுகிறார்கள். கைகூப்புவதில் தப்பில்லை. கேட்டுவிட்டுக் கூப்புங்கள். பையனையோ மகளையோ விட்டு ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: மார்புத் தமனி வைக்கிறீர்களா? காலில் எந்த முறையில் எடுக்கிறீர்கள்? அந்த முறையில் எத்தனை பேருக்கு எடுத்திருக்கிறீர்கள்? எனக்கு இனிப்பு இருக்கிறது, மலையில் வேலை, கால் எத்தனை நாளில் ஆறும்?

தமிழ் தெரியாத டாக்டராக இருந்தால், நமக்குத் தெரிந்த மலாயில் இவ்வளவு கேட்டாலே போதும்: "டோக்டர், உராட் காக்கி சாயா நாக் அம்பில் மாச்சாம் மானா? பெலா பாஞ்சாங் கா, பாக்காய் கேமரா கா?" காலை நீளமாகப் பிளக்கப் போகிறீர்களா, கேமராவா என்று அர்த்தம். அந்தப் பெரியவருக்கு இதைச் சொல்லிக் காட்டினேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "இந்த ஒரு வரி அன்னைக்குத் தெரியாமப் போச்சே" என்றார். அவருடைய தம்பிக்கு அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்களாம். அவனுக்கும் இனிப்புநீர்.